சனிக்கிழமை அழைப்பு

எங்கள் வீட்டு வாசற்கதவைப் பகலில் சாத்தக்கூடாது. அப்படியொரு சட்டம் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் சாத்தக்கூடாது. கோயம்புத்தூருக்கு வந்த புதிதில், தலைக்குக் குளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்திலும் முழிக்காமல் இருப்போமே என்று ஆசைப்பட்ட ஒரு நாளில்தான் இதைக் கண்டுபிடித்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். தலையைத் துவட்டி முடிக்கவில்லை, பின்பக்கமாக ஓர் அம்மா வந்துவிட்டார். "ஏனுங்கம்மா, கதவு சாத்தியிருக்குதுங்களே, உடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" ஒன்றுமில்லை என்று அவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஜன்னலில் இன்னொருவர், கையில் சுக்குக் காப்பி. மத்தியானத்துக்குள் எனக்குக் காய்ச்சல் என்று சேதி. பின்னேரத்துக்குள் எனக்கும் என் புருஷனுக்கும் சண்டை என்று சேதி. பொழுது சாய இரண்டு பேர் பைபிளோடு வந்து உட்கார்ந்து, குடும்ப சமாதானத்துக்காக உருகி உருகி ஜெபித்துவிட்டுப் போனார்கள். நடக்காத சண்டைக்கு நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். வேறென்ன செய்வது?

நான் ஓர் ஐயரம்மா. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் பதறவேண்டாம், மதம் ஒன்றும் மாறவில்லை. இங்கே நம்முடைய ஆங்கிலிக்கன் வழிவந்த சபைகளில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்கிறார்கள். என் கணவர் சாமுவேல் தாராபுரத்துக்காரர். இறையியல் கல்லூரியில் சங்கீதம் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என்னைக் கண்டு, பிடித்து, கட்டிக்கொண்டவர். நாங்கள் இருப்பது குருமனை, சபை கொடுத்த வீடு. வீடு சபையுடையது, கதவும் சபையுடையது, கதவுக்கு உள்ளே இருக்கிற நானும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிர்மலா என்று எனக்கொரு பெயர் இருப்பதை இந்த ஊரில் நினைவு வைத்திருப்பது வீசாவை நீட்டித்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றுதான்.

எங்கட ஆட்களில் நாட்டைவிட்டு வெளிக்கிட்டவர்கள் என்றால் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ். ரொறன்ரோவில் இருக்கும் அண்ணன் ஃபோன் எடுத்தால், "உனக்கென்ன, தமிழ்நாட்டில இருக்கிறாய், வெளிநாடே அது?" என்று நக்கலடிப்பான். அவன் பனியை வாரிக் கொட்டுகிறான், அது கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். தமிழிலிருந்து தமிழுக்கு வந்தவளின் அந்நியத்தை யாருக்கு விளக்குவது? இங்கே எல்லாருக்கும் என் பாஷை விளங்குகிறது, எனக்கும் அவர்களுடையது விளங்குகிறது. விளங்காதது பாஷைக்குப் பின்னால் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சபைக் கூட்டத்தில் அம்மா எழும்பி நின்று, "ஃபாதர், நீங்கள் சொல்லுறது பிழை" என்று முகத்துக்கு நேரே சொல்லுவா. ஃபாதரும் திருப்பிச் சொல்லுவார். சத்தம் றோட்டுக்குக் கேட்கும். பிறகு இரண்டு பேரும் ஒன்றாக இருந்து பால் விடாத பிளேன்ரீ குடிப்பார்கள். இங்கே இத்தனை வருஷத்தில் ஒருவர் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் செரிங்க, ஆகட்டுங்க, பண்ணிப்போடலாமுங்க. முதலில் இது என்ன பூலோக சொர்க்கமோ என்றுதான் நினைத்தேன்.

இந்தச் சபையின் கட்டுமானத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேராயருக்குக் கீழே திருமண்டலம். அதற்குள் சேகரங்கள். ஒரு சேகரத்துக்கு ஓர் ஐயர், ஒரு கமிட்டி, ஒரு பெரிய கோயில், அதைச் சார்ந்து கிளைச்சபை. ஆண்களுக்கொரு ஐக்கியம், பெண்களுக்கொரு ஐக்கியம். பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி ஐயரம்மா. யாரும் தேர்ந்தெடுக்க வேண்டாம், தாலி கட்டிய கையோடு கிடைக்கிற பதவி. எனக்கு இது வேண்டாம், விலகிக்கொள்ளட்டுமா என்று ஒருமுறை கமிட்டிச் செயலாளர் பால்துரை அண்ணனிடம் கேட்டேன். பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர், குரல் உயர்த்தத் தெரியாத மனுஷர். சிரித்துக்கொண்டே, "அதுக்கு நீங்க மொதல்ல ஐயரை ராஜினாமா பண்ணோணுமுங்களே" என்றார். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் பெரிய கோயில் சிங்காநல்லூர்ப் பக்கம். கிளைச்சபை அங்கிருந்து கிழக்கே, மில்லுகளையும் வொர்க்‌ஷாப்புகளையும் தாண்டிப் போகவேண்டும். அங்கே இருக்கிற குடும்பங்கள் வால்பாறையிலிருந்து இறங்கியவை. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் பிறந்து, தோட்டத்தில் ஆள் குறைந்தபோது கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தபடி பஸ்ஸில் கீழே வந்து, மில்லிலும் ஃபவுண்டரியிலும் சேர்ந்தவர்கள். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, மேலே ஷீட் போட்டு, தங்கள் கையாலேயே ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். பெரிய கோயில் ஆட்களுக்கு அவர்கள் 'மலைக்காரங்க'. மரியாதையாகத்தான் சொல்வார்கள், "நம்ம மலைக்காரங்க" என்று. அந்த 'நம்ம'வுக்குள் எத்தனை தூரம் என்பது எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை.

என் கணவர் ஞாயிறு காலையில் பெரிய கோயிலில் ஆராதனை முடித்து, பசியோடு பைக்கில் கிளைச்சபைக்கு ஓடுவார். இப்படி ஓடுகிற ஐயர்கள் திருமண்டலம் முழுக்க இருக்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் மேலிடத்திலிருந்து 'தரிசனம்' வந்தது. கனவில் வருகிற தரிசனம் இல்லை, எதிர்காலத் திட்டம். சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடப்பதை விட்டுவிட்டு ஒரே குடும்பமாகக் கூடவேண்டும், ஐயர்மாரின் உழைப்பு வீணாகக்கூடாது என்பது அதன் சாரம். எங்கள் கமிட்டி உடனே கூடி, கிளைச்சபை ஆராதனையை நிறுத்திவிட்டு அவர்களையும் பெரிய கோயிலுக்கு அழைத்துக்கொள்வது என்று தீர்மானித்தது. கூட்டிவர வேன். வாசலில் 'ஒரே குடும்பம்' என்று ஃபிளக்ஸ். கிளைச்சபையின் பிரதிநிதியும் கமிட்டியில் இருந்தார். அவரும் செரிங்க என்றார். எனக்கு உண்மையில் சந்தோஷம். சனம் நிறைந்த கோயில் என்றால் எனக்கு ஒரு பலவீனம். சண்டைக் காலத்தில் பூட்டிக் கிடந்து கூரை போன ஒரு கோயிலில் ஞானஸ்நானம் எடுத்தவள் நான்.

முதல் ஞாயிறு வேன் காலியாகத் திரும்பியது. "நின்னு பாத்தேனுங்க, ஆருமே ஏறலீங்க" என்றார் டிரைவர். எங்கள் ஊராக இருந்தால் கமிட்டி கொதித்திருக்கும். பால்துரை அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "நாம கோயில்ல அறிவிப்பு வாசிச்சதோட செரி. ஊட்டுக்குப் போயி ஆரும் அழைக்கலீங்களே. அழைக்காம எப்படிங்க வருவாங்க? ஐயரம்மா போனா நல்லாருக்குமுங்க" என்றார். எனக்கு விளங்கவில்லை. கோயிலுக்குப் போக மணிச்சத்தம் போதாதா? போதாது. இந்தக் கொங்குச் சீமையில் கல்யாணமோ காதுகுத்தோ, வீட்டுப் படியேறி, புருஷன் பெயரையும் பெண்சாதி பெயரையும் சொல்லி, பிள்ளைகளையும் சேர்த்து, வந்துருங்க என்று வாயால் அழைக்கவேண்டும். ஃபோனில் அழைத்தால் அழைப்பில்லை. வண்டியில் இருந்தபடி அழைத்தால் அவமானம். வீட்டில் ஒருவரைச் சொல்லாமல் விட்டுவிட்டால் அந்த வீடே வராது, ஏன் வரவில்லை என்றும் சொல்லாது. மலையிலிருந்து வந்தவர்களும் இத்தனை காலத்தில் இந்தப் பழக்கத்துக்குள் ஊறிவிட்டிருந்தார்கள்.

ஆக ஒரு சனிக்கிழமை போனேன். பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. குருமனையை விட்டு, ஒரு வேலையோடு, தனியே வெளியே போகிற நாள். வீடு வீடாக டீ. அவர்களில் ரோஸ்மேரி அக்கா என்று ஒருவர். தேயிலை கிள்ளிய கை, இப்போது ஸ்பின்னிங் மில்லில். கிளைச்சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர்தான். எப்போதும் ஒரு கட்டை உயரத்தில் ஆரம்பித்துவிடுவார், பாதியில் எல்லாரும் மூச்சு வாங்குவார்கள். அழைத்தேன். "நீங்களே படியேறி வந்து அழைச்சுப்போட்டீங்க, வராம இருந்தா நல்லாருக்குங்களா?" என்றார். சந்தோஷத்தில் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வந்தார்கள். நல்ல சேலை, நல்ல சட்டை, பிள்ளைகளுக்குப் பவுடர். கடைசி பெஞ்சுகளில் இடதுபக்கம் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவரும் வாய் திறந்து பாடவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் கும்பலாக நின்று, விடைபெறுவதற்கு ஆள் தேடினார்கள். "போயிட்டு வாரோமுங்க" என்று பால்துரை அண்ணனிடமும் என்னிடமும் ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்கள். அடுத்த ஞாயிறு வேன் மறுபடியும் காலி. ரோஸ்மேரி அக்காவிடம் போய்க் கேட்டால், ஆச்சரியமாகப் பார்த்தார். "போன வாரத்துக்குத்தானுங்களே அழைச்சீங்க?"

சிரிப்பு வந்தது, பிறகுதான் விளங்கியது. அவர்கள் விருந்துக்கு வந்திருந்தார்கள். தங்கள் கோயிலில் சனிக்கிழமை கூட்டிக் கழுவி, தபேலாவைத் துடைத்து, பாய் விரித்து வைக்கிற அதே சனம் இங்கே விருந்தாளி. விருந்துக்கு ஒருமுறை அழைத்தால் ஒருமுறைதான் வருவார்கள். பால்துரை அண்ணன் இதற்கும் அசரவில்லை. "பழகற வரைக்கும் வாராவாரம் அழைச்சுப்போடலாமுங்கம்மா" என்றார். அப்படித்தான் என் சனிக்கிழமைகள் எல்லாம் போயின. நான் போய் அழைப்பேன், அவர்கள் வருவார்கள், கடைசி பெஞ்சில் இருந்துவிட்டுப் போவார்கள். மழையென்றாலும் போகவேண்டும், காய்ச்சல் என்றாலும் போகவேண்டும். அவர்களால் வராமல் இருக்க முடியாது, என்னால் போகாமல் இருக்க முடியாது. ஒருவரை ஒருவர் மரியாதையால் கட்டிப்போட்டுக்கொண்டு கிடந்தோம்.

ஒரு சனிக்கிழமை ரோஸ்மேரி அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார், "உங்கூர்ல உங்க கோயிலு இன்னும் இருக்குதுங்களாம்மா?" கூரை போனதைச் சொன்னேன். திருத்திவிட்டார்கள், ஆனால் நாங்கள் யாரும் அங்கே இல்லை என்றும் சொன்னேன். அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "நாங்க ஒருக்கா எறங்கீட்டமுங்க. இன்னொருக்கா எறங்கோணுமாக்கும்னு பசங்க கேக்கறாங்க" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில்தான் சொன்னார். இத்தனை மாதமும் எனக்கு ஒருவரும் சொல்லாததை அவர் அப்படிச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் ஐக்கிய ஞாயிறு என்ற ஏற்பாடு வந்தது. கிளைச்சபைக் குடும்பங்கள் தங்கள் கோயிலின் சிலுவையையும், அப்பமும் இரசமும் வைக்கிற திருவிருந்துப் பாத்திரங்களையும் தாங்களே பவனியாக எடுத்துவந்து பெரிய கோயிலில் ஒப்படைப்பது. பேராயர் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பெற்றுக்கொள்வார். அதன்பின் அந்தக் கட்டடத்தைப் பூட்டிவிட்டு, இடத்தில் சபைக்கென்று ஒரு மண்டபம். பால்துரை அண்ணன் குருமனைக்கே வந்து சொன்னார். "நீங்க ஒரு வார்த்தை அழைச்சாப் போதுமுங்கம்மா. உங்க வார்த்தையத் தட்ட மாட்டாங்க." உண்மைதான். தட்ட மாட்டார்கள். அதுதான் பயம். நான் போய்ப் படியேறி நின்றால், அவர்கள் தங்கள் சிலுவையைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, போயிட்டு வாரோமுங்க என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சாப்பாட்டு மேசையில், உள்ளே மகள் ஜெனி படித்துக்கொண்டிருக்க, என் கணவர் சாமிடம் சொன்னேன், நான் அழைக்கப் போகமாட்டேன் என்று. அவர் சோற்றைப் பிசைந்தபடி, "நிம்மி, மேல இருந்து ஆள் வர்றாங்க. சபையில ஒரு சுணக்கம்னா நடு வருஷத்துல மாத்தல் போட்டுருவாங்க. ஜெனிக்குப் பன்னெண்டாவது. யோசி" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நான் என்ன உங்கட சபைக்கு ஒலிபெருக்கியே? உங்களுக்குப் பிழை எண்டு படேல்லையா?" என்று கத்தினேன். எங்கள் அம்மாவின் குரல் அப்படியே வந்தது. வாசற்பக்கம் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது, பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு போகும் சத்தமும் கேட்டது. சாம் நிமிர்ந்து பார்க்காமல், "படுது" என்றார். அவரும் என்னதான் செய்வார்? அவர் பிறந்த மண், அவர் எடுத்த குரு அபிஷேகம், அவருக்கு மேலே ஆட்கள். நானாவது யாழ்ப்பாணத்தை நினைத்துக் கோபப்படலாம். அவருக்குக் கோபப்பட வேறு ஊர் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை போனேன். ஒரு வீடு விடாமல் போனேன். எல்லா வீட்டிலும் உட்கார்ந்தேன், டீ குடித்தேன், பிள்ளைகளின் படிப்பு விசாரித்தேன், மில் ஷிஃப்ட் விசாரித்தேன், எழும்பி வந்துவிட்டேன். அழைக்கவில்லை. ரோஸ்மேரி அக்கா வாசல்வரை வந்து காத்துக்கொண்டு நின்றார். நான் செருப்பு மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, நாளைக்கு என்னமோ பண்டிகைங்களாமே? அழைக்க வந்தீங்களாக்குமுன்னு நெனச்சேன்" என்றார். "இல்லை அக்கா. சும்மா வந்தனான்." அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். "செரிங்க" என்றார். அந்தச் செரிங்க மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது.

ஞாயிறு பந்தல், மாலை, நாற்காலி, விருந்தினர் எல்லாம் இருந்தன. வேன் காலியாக வந்து நின்றது. பால்துரை அண்ணன் என்னருகே வந்து, மெதுவாக, "அழைச்சீங்களாங்கம்மா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பின்னால் ஒரு 'ங்க' கூடப் போடவில்லை. அந்த வளாகத்தில் அப்படியொரு மொட்டை இல்லையை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். திட்டுவார், கேட்பார், நானும் பதிலுக்குக் கேட்பேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர், "செரிங்க. பரவாயில்லீங்கம்மா" என்றார். விருந்தினருக்கு மாலை போட்டார்கள், ஆராதனை நடந்தது, பிரியாணி போட்டார்கள். ஒருவரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. அன்று யாராவது இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கிளைச்சபை பூட்டப்படவில்லை. ஆனால் ஐயர் அங்கே போகக்கூடாது, தரிசனம் நிறைவேறும்வரை அங்கே ஆராதனை இல்லை என்று கமிட்டி மறுபடியும் தீர்மானித்தது. அவர்கள் தாங்களே பாடி, தாங்களே வேதம் வாசித்துக்கொள்கிறார்கள். திருவிருந்து இல்லை, அதற்கு ஐயர் வேண்டும். சாமுக்கு மாற்றல் வரும் என்கிறார்கள், வராது என்கிறார்கள், எங்கள் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை. என்னை இப்போது சனிக்கிழமை எங்கேயும் அனுப்புவதில்லை. எப்படியும் ஒரு ஞாயிறு அங்கே போய், பாயில் உட்கார்ந்து, அந்த உயரக் கட்டையில் நானும் மூச்சு வாங்கப் பாடவேண்டும் என்று ஆசை. சும்மா போய்விடலாம்தானே? போக முடியவில்லை. கூச்சமாக இருக்கிறது. ஆரும் அழைக்கவில்லையே! பாருங்கள், யாழ்ப்பாணத்துக்காரி எனக்கே இது வந்துவிட்டது.

போன வாரம் கிளைச்சபையில், விளைந்ததைக் கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகை. வீடு வீடாக அழைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சனிக்கிழமை காலையிலிருந்து நல்ல சேலை கட்டிக்கொண்டு இருந்தேன். ரோஸ்மேரி அக்கா வந்தார். ஓடிப்போய் டீ போட்டேன். உட்கார்ந்தார், குடித்தார், மில்லில் புது மேஸ்திரி வந்திருப்பதைச் சொன்னார், ஜெனியின் படிப்பைக் கேட்டார், எழும்பினார். வாசலுக்குப் போய்விட்டார். எனக்கு வெட்கம் மானம் எல்லாம் போய்விட்டது. "அக்கா, நாளைக்கு உங்கட பண்டிகை எல்லே? என்னை அழைக்கேல்லையா?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாளும் அம்மா என்று அழைத்தவர், முதன்முறையாக, "அழைச்சா நீ வந்துருவியே கண்ணு" என்றார். "நீ வந்தா ஐயருக்கு மாத்தல் வந்துரும். பாப்பாவுக்குப் பரிச்சை. அதான் அழைக்கல." கையை விட்டுவிட்டு, பழைய குரலில், "போயிட்டு வாரேனுங்க" என்று படியிறங்கிப் போனார்.

மறுநாள் பெரிய கோயிலில், முன்வரிசையில், எனக்கென்று விடப்பட்டிருக்கும் இடத்தில் இருந்தேன். பாட்டு ஆரம்பித்தது, எல்லாரும் எழும்பினோம். வாய் இங்கே பாடிக்கொண்டிருந்தது. இந்நேரம் அங்கே பூசணிக்காயும் வாழைத்தாரும் சுமந்து உள்ளே வருவார்கள், ரோஸ்மேரி அக்கா உயரத்தில் எடுத்திருப்பார், பிள்ளைகள் சிரிப்பை அடக்குவார்கள் என்று மனது அங்கேயே நின்றது. பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. கோயில் முழுக்க உட்கார்ந்துவிட்டது, நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர் என் முந்தானையை மெல்லத் தொட்டு, "உக்காருங்கம்மா" என்றார்.